முந்திப் போனவருக்கான வினைச்சொல்

வளைகுடாவில், ருவைஸில் எங்கள் ஆலையின் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த போலந்துக்காரர் ஒரு நாள் டூட்டிக்கு வரவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. உடலைக் கொண்டுபோக அவருடைய மனைவி வந்தார். அவருக்குப் போலிஷ் மட்டும்தான் தெரியும். நான் போலந்தில் மேற்படிப்பு படித்தவள். வார்சாவிலிருந்து வரும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவதும் என் வேலை. அதனால் இரங்கல் கூட்டத்தில் என்னை அந்த அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

முன்வரிசையில் கீழக்கரை பாய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பிரிவில் எல்லோருக்கும் மூத்த எஞ்சினியர். தலைவர் பதவி அவருக்குத்தான் என்று நாங்கள் நினைத்திருந்தபோது அது போலந்துக்காரருக்குப் போனது. மேலிடத்தில் ஏதோ சொல்லிப் பாயை ஓரங்கட்டிவிட்டார் என்று கேன்டீனில் பேச்சு. அதற்குப் பிறகு இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

அந்த அம்மா எழுந்து மெதுவாகப் பேசினார். தன் கணவர் ஒருபோதும் ‘விவிஷ்ஷாச் ஷெ’ செய்ததில்லை என்றார். தன்னைத்தானே மேலே ஏற்றி வைத்துக்கொள்வது என்று பொருள். கர்வம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கர்வம் மனசுக்குள்ளும் இருக்கலாம், இது பிறர் பார்க்கச் செய்வது. மற்றவர்களைவிடப் பெரியவராக அவர் காட்டிக்கொண்டதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த வாக்கியத்தில் ‘விக்ரிஷ்ச்’ வந்தது. ஒருவரை அவர் இடத்திலிருந்து கடித்து வெளியேற்றுவது. தன் கணவர் யாரையும் அப்படிச் செய்யவில்லை, ஆனால் ஊரார் சொன்னது அவருக்குத் தெரியும், அந்த வருத்தத்தோடேயே போய்விட்டார் என்றார். கடிப்பது என்று ஆங்கிலத்தில் சொன்னால் யாராவது சிரித்துவிடுவார்கள். ‘புஷ் அவுட்’ என்றேன். அறையில் இருந்தவர்கள் பாயைப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அவுக சொன்ன வார்த்தைக்கு நேரா என்ன அர்த்தம்?”

சொன்னேன்.

“அப்படியெல்லாம் இல்ல. அவரு வேலையில என்னை முந்திட்டாரு, அவ்வளவுதான். ஆலையை நிறுத்தி ரிப்பேர் பார்த்த ஷட்டவுன் நேரத்துல நேர்லயே பார்த்தேன். எனக்குத்தான் அதை வாயைத் திறந்து சொல்ல மனசு வரல. நீங்க அவுககிட்ட சொல்லுங்க.”

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரைவிட உயர்ந்திருப்பதற்குப் போலிஷில் ஒரு வினை உண்டு, ஓட்டத்தில் பிந்திவந்து முந்துவதற்கு வேறொன்று. பாய் சொன்னது ஓட்டம்தான் என்று இரண்டாவதைச் சொன்னேன். அவர் பாயை நிமிர்ந்து பார்த்தார்.

“என் கணவருக்கு ஓடவே வராது. முழங்கால் சரியில்லை,” என்றார். நான் பாய்க்குத் தமிழில் சொன்னேன். அவர் கையை நெஞ்சில் வைத்து நின்றார். அந்த அம்மா அவருடைய மற்றொரு கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

சில வாரங்களில் அந்தப் பதவி பாய்க்கே வந்தது. வாழ்த்துச் சொல்லப் போனேன்.

“வாழ்த்தெல்லாம் வேணாம் தங்கச்சி. ஜெயிச்சு வரலையே. வேற யாரும் சொல்றதுக்கு முந்தி, அவுகளுக்கு நீங்களே சொல்லிருங்க.”

அவர் எதிரிலேயே அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ‘நலெஷாவோ மு ஷெ’ என்றார். ஆங்கிலத்தில் இதை ‘டிசர்வ்’ என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் எதிரே நின்றவருக்குத் தமிழ் போதும்.

“உங்களுக்குச் சேர வேண்டியதுதான்னு சொல்றாங்க பாய்.”

அவர் தலையசைத்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சைட்டுக்குக் கிளம்பினார்.