என் தாத்தாவும் ஜெயிலுக்குப் போனார்

என் மனைவியின் அண்ணனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவருடைய தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அதனால் சூலூரில் எந்தக் கல்யாணத்திலும் மச்சானுக்கு முன்வரிசை நாற்காலி. என் தாத்தாவும் ஜெயிலுக்குப் போனவர்தான். எதற்கென்று வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவரும் தியாகிதான் என்று காட்டிவிடும் வீம்பில், தொண்ணூறுகளில் ஒருநாள் கோயமுத்தூர் ஜெயிலில் பழைய கைதிகள் பதிவேட்டைப் பார்க்க அனுமதி வாங்கினேன். சாட்சிக்கு மச்சானையே கூட்டிப்போனேன்.

"இனி நாற்காலிய ரெண்டாப் போடச் சொல்லோணுங்க மாப்ள" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தார்.

என் தாத்தா பெயருக்கு நேரே ஆடு திருட்டு என்றிருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

மச்சான் சிரிக்கவில்லை. அடையாளக் குறிப்பைப் படித்தார். "வலது தாடையில மச்சம்... ஏனுங்க மாப்ள, உங்களுக்கும் அதே எடத்துல இருக்குதுங்களே!"

ஒரு போட்டோகூட இல்லாத தாத்தா. என் கை தானாகத் தாடைக்குப் போனது.

அவருடைய தாத்தாவின் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. "எங்க தாத்தாவுக்கும் போட்டோ இல்லீங்க. எப்புடி இருந்தாருன்னு சொல்லவும் ஆருமில்லீங்க" என்றவர், என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் நான் அவரைப் பார்த்த அதே பார்வை. ஜெயித்த சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.