ஒன்பதாம் நாற்காலியின் குளிர்

டயாலிசிஸ் பிரிவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவருக்கு மற்ற ஊழியர்கள் வைத்த பெயர் வடிகட்டி. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். குழாயை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்து, ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிப்பார். சொந்தக் கல்யாணத்தில்கூட மனுஷன் இவ்வளவு பயபக்தியோடு நிற்கவில்லை என்பது அவர் மனைவியின் நீண்டகாலக் குறை.

நான்கு வருடமாக ஆய்வகம் மாதாமாதம் ஒரே பதிலை அனுப்பிவந்தது: கிருமி இல்லை. அந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

இந்தக் கீர்த்தியின் குறுக்கே வந்து படுத்தவர் மனைவியின் அண்ணன். தையல்காரர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால், வாரம் மூன்று நாள், வரிசையின் கடைசியான ஒன்பதாம் நாற்காலியில் நான்கு மணி நேரம். மூன்று வாரமாக, இயந்திரத்தில் ரத்தம் சுற்ற ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் பல் தந்தியடிக்க நடுங்கினார். காய்ச்சலும் வந்தது. நர்ஸ் ஏசியைக் குறைத்தார், கம்பளி போர்த்தினார். நடுக்கம் மசியவில்லை.

“மாப்ளே, உங்க தண்ணியில என்னமோ இருக்கு.”

“என் தண்ணியில ஒண்ணுமே இல்ல மச்சான். அதுதான் அதோட பெருமையே. குளிர் உங்க மனசுல.”

“மனசுல குளிர்னா பல்லு ஏன் ஆடுது?”

வீட்டில் மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: “எங்கண்ணனுக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் அந்தப் பேப்பரையெல்லாம் காய்ச்சிக் குடிங்க.”

மறுநாள் மச்சான் தாமதமாக வந்தார். ஒன்பதில் ஒரு லாரி டிரைவரை உட்கார வைத்துவிட்டு, நர்ஸ் இவரை இரண்டாம் நாற்காலிக்கு அனுப்பினார். அன்று மச்சான் நடுங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டைக் காலரில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். எமனுக்கே வழிவிடாத டிரைவரோ நாற்காலியோடு சேர்ந்து ஆடினார். “யோவ், யாராவது கம்பளி குடுங்கய்யா!”

வடிகட்டி முக்காலியை விட்டு எழுந்தார். குழாயைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஒன்பதைத் தாண்டி அது சுவருக்குள் புகுந்து, அடுத்த அறையில் முழ நீளத்தில் மூடியோடு நின்றது. பத்தாம் நாற்காலிக்காக மூன்று மாதத்துக்கு முன் நீட்டியது. குழாய் வந்தது, நாற்காலி வரவில்லை. ஓட வழியில்லாத தண்ணீர் அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தச் சுற்று முடிந்து தண்ணீரை நிறுத்தியதும் மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். வழுவழுப்பு.

அவர் சோதித்ததோ எப்போதும் தன் முக்காலிக்குப் பக்கத்திலிருந்த முதல் குழாயை. தண்ணீர் புறப்படும் இடத்தில் அதன் நடத்தையை விசாரித்தாரே தவிர, போய்ச் சேரும் இடத்தில் விசாரிக்கவில்லை. இடையே தூரம் அறுபத்திரண்டு அடி.

அந்த முழத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டால் சுவரில் மாட்டிய தாள்களின் மானம் தப்பும். இரண்டு நிமிடம் அப்படியும் யோசித்தார். அதற்குள் நர்ஸ் அடுத்த ஆளை ஒன்பதுக்குக் கூப்பிடும் குரல் கேட்டது. ஓடினார்.

“டாக்டர், யாரையும் போடாதீங்க. தப்பு என்னோடது. நாலு வருஷமா கடைசிக் குழாய்ல தண்ணி பிடிக்கவே இல்ல.”

டாக்டர் உடனே எல்லா நாற்காலிகளையும் நிறுத்தி, அன்றைய நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒன்பதில் பிடித்த தண்ணீரில் கிருமி எண்ண முடியாத அளவு என்று ஆய்வகம் எழுதியது.

“ரத்தத்தைக் கழுவுற தண்ணியாச்சே, கிருமியே உள்ள போகணும்னு இல்ல,” என்றார் டாக்டர். “செத்த கிருமியோட உடைஞ்ச துணுக்கு ரத்தத்துல கலந்தாலே போதும், எதிரி வந்துட்டான்னு உடம்பு படையைத் திரட்டிடும். நடுங்கினவங்க பரவால்ல, சொல்லிட்டாங்க. நடுங்காம உள்ளயே புகையுறவங்களுக்குத்தான் பசி போகும், ரத்தம் குறையும், இதயம் கெடும்.”

அந்த முழத்தை வெட்டினார்கள். வரிசை முழுவதும் மருந்து விட்டுக் கழுவினார்கள். கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர் தேறிய பிறகு மச்சான் ஒன்பதுக்குத் திரும்பினார். வடிகட்டி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பத்து நிமிடம் கூடுதலாகவும் ஆயிற்று. மச்சானின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ளே, பல்லுக்கு அளவெடுக்கறீங்களா? எனக்கு வேர்க்குது, ஏசியைக் கூட்டச் சொல்லுங்க.”

வடிகட்டி எழுந்து ஓடினார். மச்சான் சொன்னதை எதிர்த்துப் பேசாமல் அவர் கேட்டது, கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அதுவே முதல் முறை.