ஜீப்பில் வந்த மஞ்சள் கல்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தபோது நான் நிலவியல் ஆராய்ச்சி மாணவி. கல்வராயன் மலையில் எடுத்த, யுரேனியம் கலந்த மஞ்சள் கல் ஒன்றைச் சின்ன ஈயப்பெட்டியில் வைத்து ஜீப்பில் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வடக்கனந்தல் அருகே போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்தது. கோடரி வைத்திருந்த ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“இன்னா இது, வெடிகுண்டா?”

“கல்லுங்க. வெடிக்காது.”

அவர் நம்பவில்லை. கதிர்வீச்சை அளக்கும் கருவியைக் கல்லருகே கொண்டுபோய் விளக்கப் பார்த்தேன். அது படபடவென்று சத்தமிட்டதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். “குண்டுதான்!” என்று யாரோ கத்த, ஒரு செங்கல் துண்டு ஜீப் கண்ணாடியை உடைத்தது.

கோடரிக்காரர் மட்டும் கல்லை எடுக்கக் கை நீட்டினார். அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டேன்.

“தொடாதீங்கண்ணா. இது காய்ஞ்சா உதிர்ந்துடும். அந்தத் தூள் மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கிடும்.”

கூட்டம் அடங்கியது. பிடித்த கையை விடவும் பயமாக இருந்தது.

“இத்த வச்சிக்கினு நீ எப்பிடிம்மா உக்காந்துக்கினு வந்த?”

“மூடி வச்சா பயமில்லண்ணா.”

அவரே மூடியைப் போட்டார். ஜீப்பை விட முடியாது என்றார். பிறகு பெட்டியை உடம்பில் படாமல் எட்டப் பிடித்தபடி, மரங்களைத் தாண்டி எனக்கு முன்னால் நடந்தார்.