நாலாவது ஒன்பது

போன வருடம், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே இருக்கும் அடுக்குமாடி வீடு ஒன்றில் நாங்கள் நாலு பேர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தோம். எல்லாரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். காசு வைத்து ஆட மாட்டோம், பிளாஸ்டிக் வில்லைகள்தான். தோற்றவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது பரோட்டா விவகாரமாக இல்லை. வேலை போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்த்த வேலை. கம்பெனி எங்கள் பிரிவையே மூடிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் சுவா சூ காங் நிலையத்தில் ரயிலேறுவேன். ஏதாவது ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, "அப்பப்பா, இன்னிக்கு ஒரே வேலை" என்று சலித்துக்கொண்டே சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவேன். என் நடிப்புக்குப் பரிசே கொடுக்கலாம். கம்பெனி கொடுத்த இழப்பீட்டுப் பணம் வங்கியில் கிடந்தது. மனைவிக்கு அதுவும் தெரியாது.

ஆட்டத்துக்கு வருகிறேன். என் கையில் இரண்டு ஏஸ். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகளில் இன்னொரு ஏஸ், கூடவே இரண்டு ஒன்பது. இதைவிட என்ன வேண்டும்? இருந்த வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். எதிரே இருந்தவனும் தள்ளினான். அவன் கையில் ஒரே ஒரு ஒன்பது. அவன் ஜெயிக்க வேண்டுமென்றால் சீட்டுக்கட்டில் மிச்சமிருக்கும் அந்த நாலாவது ஒன்பது கடைசிச் சீட்டாக வர வேண்டும்; நாலு ஒன்பதும் சேர்ந்தால்தான் என் சீட்டுகளை அடிக்கும். வேறு எது வந்தாலும் ஆட்டம் எனக்கு.

வந்தது. அதே ஒன்பது!

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. சீட்டை வீசிவிட்டு எழுந்தேன். எங்கே போகப் போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். கசினோவுக்கு. ஒரே மாதத்தில் இத்தனை அடியா, இனிமேல் நல்ல சீட்டுதான் வரும் என்று மண்டைக்குள் ஒரு கிறுக்குக் கணக்கு. வங்கியில் கிடந்த பணம் முழுவதும் கண் முன்னால் நின்றது.

ஜெயித்தவன் வாசலில் வந்து மறித்தான். "எங்கடா ஓடுற? டீ குடிக்காம போகக் கூடாது. ரூல் ரூல்தான் லா."

எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எவனாவது அநியாயமாகத் தோற்றால், ஜெயித்தவன் அவனைக் கீழே கூட்டிப்போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். கிளாஸ் காலியாகும் வரை தோற்றவன் இஷ்டத்துக்குப் புலம்பலாம். ஜெயித்தவன் வாயே திறக்கக் கூடாது. ஆறுதலும் சொல்லக் கூடாது, புத்தியும் சொல்லக் கூடாது.

வேண்டா வெறுப்பாக இறங்கிப் போனேன். கீழே உணவங்காடியில் ஒரே கூட்டம். எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "நான் என்னடா தப்பு செஞ்சேன்? எல்லாம் சரியாத்தானே ஆடினேன்? ஒழுங்கா இருக்கிறவனுக்குத்தான் இப்படி ஆகுது. நேரத்துக்குப் போனேன், ஒரு நாள் லீவு போட்டதில்ல, கடைசியில ஆபீஸ் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் போன்னுட்டான்..."

சொன்ன பிறகுதான் நான் சீட்டைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கே உறைத்தது. அவன் முகம் மாறிப்போனது. ஆனால் பேசவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன், நூலகம், கசினோ எல்லாம். அத்தனை பேர் நடுவில் அழுதும் விட்டேன். "ஏதாவது சொல்லித் தொலையேண்டா!" என்று கத்தினேன். என் கிளாஸைக் கண்ணால் காட்டினான். பாதி டீ இருந்தது. பாவி! அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"நீ தப்பா ஆடலடா. சீட்டு அப்படி விழுந்துச்சு, அவ்வளவுதான்" என்றான். "வா, தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லுவோம். நானும் வர்றேன்." என் மனைவியைத்தான் தங்கச்சி என்பான்.

ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு ரயிலேறினான். வீட்டுக் கதவருகே போனதும் நான் பின்வாங்கினேன். அவன்தான் மணியை அடித்தான்.

மனைவி முழுவதையும் கேட்டாள். "இத்தனை நாளா எங்க போய் உட்கார்ந்திருந்தீங்க? நான் செத்தா போயிட்டேன்?" என்று அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள். பிறகு அவனைப் பார்த்து, "அண்ணே, நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். எனக்குத் திட்டு, அவனுக்கு மீன் குழம்பு. அன்று ராத்திரி பல நாள்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், சம்பளம் கொஞ்சம் குறைவு. இந்த வேலையும் நாளை போகலாம், யார் கண்டது? ஆனால் போனால் அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தவனுக்கு நான் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.