புது டயரில் ஒரு பழைய குதிரை

அப்போது குரோம்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பழைய டயர்களை அறுத்து மிருகங்கள் செய்துகொண்டிருந்தேன். நான் அதைச் சிற்பம் என்பேன். அக்கம்பக்கத்தார் பஞ்சர் கடை என்று நினைத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சில நாள் காற்றடித்தும் கொடுத்திருக்கிறேன். கலைஞனுக்குப் பணிவு வேண்டுமே.

நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குத் திடீரென்று பூமியின்மீது அக்கறை பிறந்தது. வாசலில் வைக்க, மறுசுழற்சிப் பொருளில் ஒரு மிருகம் வேண்டுமாம். கறுப்பு ரப்பருக்கு எருமையைவிடப் பொருத்தமான மிருகம் உலகத்தில் கிடையாது. படம் வரைந்து எடுத்துப்போனேன். நிர்வாக மேலாளர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எருமையா? சார், லேட்டா வர்றவங்க எல்லாம் தங்களைத்தான் சொல்றோம்னு ஃபீல் பண்ணுவாங்க. குதிரை பண்ணிடுங்களேன். டைனமிக்கா இருக்கும்."

சரி, குதிரை. பழைய டயரைக் காயலான் கடையில் நானே பொறுக்கிக்கொள்கிறேன் என்றேன். முடியாதாம். எதை வாங்கினாலும் முறையான பில் வேண்டும். காயலான் கடைக்காரர் பில் தரமாட்டார். அடுத்த வாரம் என் கொட்டகையில் பன்னிரண்டு குட்டி லாரி டயர்கள் வந்து இறங்கின. எல்லாம் புத்தம் புதியவை, லேபிள்கூடக் கிழியவில்லை. கூடவே ஒரு கடிதம்: பார்ப்பதற்குப் பழசு போலத் தெரிய வேண்டும்.

நாலு நாள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கத்தியை எடுத்தபோது, என் சிற்பங்களை வழக்கமாக ஏற்றிப்போகும் குட்டி லாரி டிரைவர் உள்ளே வந்தார்.

"இன்னா சார் பண்ணிகினு கீற? புது டயரு சார் அது!"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே அழைத்துப்போய்த் தன் வண்டியின் சக்கரங்களைக் காட்டினார். நாலும் என் உள்ளங்கையைவிட வழவழப்பாக இருந்தன.

"மழைல பிரேக் போட்டா வண்டி டான்ஸ் ஆடுது. நீ புதுசை அறுத்துப் பழசாக்குற. இதுக்கு இன்னா சார் பேரு?"

"மறுசுழற்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று மாலையே அவர் வண்டியையும் சேர்த்து ஸ்டாண்டிலிருந்து மூன்று வண்டிகள் வந்தன. புது டயர்கள் அவற்றில் ஏறின. தேய்ந்தவை என்னிடம் வந்தன. நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர்கள் கேட்டதே பழைய டயர்க் குதிரைதானே? விதிகளை மீறாமல் அவர்களால் செய்ய முடியாததை நான் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

குதிரையை இறக்கிய அன்று அம்மையார் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"புது டயர்னு நம்பவே முடியலை சார்! எப்படி இவ்ளோ நேச்சுரலா தேய்ச்சீங்க?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த டிரைவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஜி.எஸ்.டி. ரோட்டுல தேய்ச்சோம் மேடம்."

அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்கு காபிகூடக் கிடைத்தது.

அடுத்த மழைக்காலத்தில் குதிரையின் வயிற்றில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகியதால், அதை ஜெனரேட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். முதுகில் வாட்ச்மேனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் செய்ததில் முதன்முறையாக ஒன்று உபயோகப்பட்டிருக்கிறது என்று நிம்மதியாக பஸ் ஏறினேன்.