ஐம்பதாயிரம் கோடியும் ஒரு டொலரும்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்தேன். கத்தி, முள்ளுக்கரண்டி, கரண்டி மூன்றையும் ஒரு கடதாசித் துண்டில் சுற்றி வைப்பதுதான் வேலை. என் எதிரே நின்று சுற்றிய பெண்மணி பெல்கிரேடில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். அதனால் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டேன். இருவருக்கும் தெரிந்தது அரைகுறைப் பிரெஞ்சுதான் என்றாலும், வாய்க்கு ஓய்வே கொடுக்கமாட்டோம்.

ரீச்சர் கதை சொல்லத் தொடங்கினால் அது கடைசியில் அவர் நாட்டுத் தினார் நோட்டில்தான் வந்து நிற்கும். விலை ஏற ஏற, ஆயிரம் தினார் நோட்டுப் போய் இலட்சம் வந்ததாம், இலட்சம் போய்க் கோடி வந்ததாம். அரசாங்கம் ஆறு சைபரை வெட்டியது. சில மாதங்களில் வெட்டியதெல்லாம் திரும்ப முளைத்துவிட்டது. பிறகு ஒன்பதை வெட்டினார்கள்.

"இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் நூறு வரைக்கும் சொல்லிக் குடுப்பன். அது பாண் வாங்கப் போனால் மில்லியனிலை விலை எழுதியிருக்கும். என்ரை பாடத்தை ஆர் மதிக்கிறது?" என்பார். நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழும், மேற்பார்வையாளர் முறைப்பார்.

அந்தக் காலம் ரீச்சரின் கைகளில் ஒரு பழக்கத்தை விட்டுப் போயிருந்தது. சம்பளம் கிடைத்த அன்றே வாடகையை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே எண்ணெய், மா, சீனி, சவர்க்காரம் என்று மாற்றிவிடுவார். வங்கியில் போடச் சொன்னால், "நாளைக்கு இந்தக் காசு என்னவாகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். கனடாவில் அப்படி ஒன்றும் நடக்காது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே எண்ணெய்ப் போத்தல்கள் வரிசையில் நின்றன.

என் தம்பியின் கலியாணத்துக்கு ரீச்சரையும் கூப்பிட்டேன். என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார். "எங்கடை ஆக்கள் நூறு எண்டு குடுக்கமாட்டினம். நூற்றியொண்டு. சைபரிலை முடிஞ்சால் எல்லாம் முடிஞ்ச மாதிரி. ஒண்டு வைச்சால் இன்னும் வளரும்" என்றேன். ரீச்சர் சுற்றிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலியாணம் முடிந்த மறுநாள் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, எங்கள் வீட்டில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்தார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுவதும் அவர்தான். ரீச்சரின் உறையிலிருந்து ஒரு டொலர் நாணயக் குற்றி மேசையில் உருண்டது. பின்னாலேயே தாடிக்காரர் ஒருவரின் படம் போட்ட நோட்டு வந்தது. ஐந்தும், அதன் பின்னால் பதினொரு சைபரும்.

"ஐம்பதாயிரம் கோடியடி! உம்மட சிநேகிதி எங்களை எல்லாம் வாங்கிப்போட்டா!" என்று மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீடே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. நான் முன் வரிசையில் கதிரை போட்டு இருத்தி, ஓடி ஓடிச் சோறு பரிமாறிய மனுசி இப்படி என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று ஒரே கோபம். மச்சாளின் மகள் அந்த நோட்டைக் கேட்டாள். கொண்டுபோ என்று தூக்கிக் கொடுத்தேன்.

அடுத்த மூன்று நாளும் ரீச்சருக்கு ஒரு போன்ஜூர் மட்டும்தான். நாலாம் நாள் அவர் பொறுக்கமுடியாமல் கேட்டார்: "அந்த ஒரு டொலர் விழாமல் வந்து சேர்ந்ததோ?"

"வந்தது. மற்றதை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?" என்று வெடித்தேன்.

ரீச்சர் கோபிக்கவில்லை. "அது என்ரை கடைசிச் சம்பளம். வாங்கிக்கொண்டு ஓடிப்போய் பாண் வரிசையிலை நிண்டன். என்ரை முறை வரேக்கை விலை ஏறி, அது காணாது எண்டிட்டினம். நான் படிப்பிச்சதுக்கு அத்தாட்சியாய் அது ஒண்டுதான் என்னட்டை மிஞ்சினது. எங்கடை நாட்டிலை எல்லாரும் சைபரைத்தான் கூட்டினவை. ஒண்டைக் கூட்டலாமெண்டு நீதான் சொன்னாய். அதுதான் குடுத்தன்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வேலை முடிந்ததும் நேரே மச்சாள் வீட்டுக்கு ஓடினேன். மகள் கடை விளையாடிக்கொண்டிருந்தாள். நோட்டு அவளுடைய கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. அவளின் தம்பிக்காரன் அதைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் தக்காளி வாங்கியிருந்தானாம். பெல்கிரேடை விட அங்கே விலை பரவாயில்லை. அவள் இலேசில் விடவில்லை. மூலைக்கடையில் இரண்டு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துத்தான் மீட்டேன்.

மச்சாளைக் கொண்டே கொப்பியில் எழுதவும் வைத்தேன்: ரீச்சர், ஐம்பதாயிரம் கோடி தினாரும் ஒரு டொலரும். "இதைத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்?" என்று மச்சாள் கேட்டார். "கூட்டித்தான் குடுப்பன்" என்றேன்.

நாலு வருடம் கழித்து ரீச்சரின் மகனுக்குக் கலியாணம் நடந்தது. அதற்குள் கனடாவும் தன் இரண்டு டொலர் நோட்டை நிறுத்திவிட்டுக் குற்றி அடித்திருந்தது. அதில் ஒன்றை அந்தப் பழைய நோட்டோடு உறையில் வைத்து, கலியாணச் செலவுக்கென்று வேறொரு உறையும் கொடுத்தேன்.

ரீச்சர் என் முன்னாலேயே பிரித்தார். நோட்டை உயரப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல் முழு எண்ணையும் உரத்து வாசித்தார். பிறகு குற்றியையும் சேர்த்து, "இரண்டு!" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"உன்ரை மகளுக்கு இப்ப எத்தினை வயசு?"

"ஆறு."

ரீச்சர் கைப்பையைத் திறந்து மூன்று டொலரைத் தேடி எடுத்தார். நோட்டையும் அந்த மூன்று டொலரையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து, பையின் அடியில் பத்திரமாக வைத்தார்.

"அவளின்ரை கலியாணத்துக்கு. இதை நான் செலவழிக்கமாட்டன்" என்றார்.