கீல் பக்கம் கேட்ட சத்தம்

கடற்கரையோரம் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் பூசும் வேலை பார்த்தேன். இரண்டே பேர் ஓட்டிப் பெருங்கடலைக் கடக்கும் போட்டிகளுக்கான பாய்மரப் படகுகள். பெரும் பணக்காரர் இல்லாதவர்களும் வாங்கக்கூடிய விலை. அதனால் எப்போதும் அவசரம்.

ஒரு படகில், அது கவிழாமல் அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கீலைப் பொருத்தும் இடத்தை நான்தான் பூசினேன். அன்று அடைமழை, ஃபைபரில் ஊற்றும் ரெசின் பசை சரியாக இறுகவில்லை. மறுநாள் காசால் தட்டினேன். ஒரு சாண் அகலத்துக்கு, பூச்சு உள்ளே ஒட்டாததுபோல் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். பெயின்ட் அடித்தால் தெரியாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வெளிநாட்டுத் தம்பதி ஒன்று அதை வாங்கியது. அந்தப் பெண் என்னோடு படம் எடுத்து, அனுப்புவதற்காக என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

தீபாவளிக்கு மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, டிக்கோயாவுக்கு வந்திருந்தேன். எங்கள் லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறியபோது அவள் அனுப்பிய லிங்க் வந்தது. திறந்தேன். நீலக் கடல் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி, அவர்கள் படகு. அவர்கள் போட்டியில் புறப்பட்டு ஐந்து நாளாகியிருந்தது. எந்தப் பக்கமும் கரை இல்லை.

தொழிற்சாலை வேலை முடிந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவங்களுக்கு எழுதுனா ஒன் வேல போயிரும் புள்ள."

"எழுதாட்டி என்னங்க ஆகும்?"

அவர் போனை வாங்கிப் புள்ளியைப் பார்த்தார். பிறகு, "எழுது," என்றார்.

படகில் சாட்டிலைட் இணைப்பு உண்டு; தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: கீல் இருக்கும் இடம் சரியில்லை, பூசியது நான், திரும்பிவிடுங்கள்.

இரண்டு நாள் பதில் இல்லை. புள்ளி இன்னும் தூரப் போய்க்கொண்டிருந்தது. மழையில் நனைந்தபடி ஏறி ஏறிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை அது திசை மாறியிருந்தது. கூடவே ஒரு படம்: தரைப்பலகைக்கு அடியில், என் பூச்சில் நீளமாக ஒரு வெடிப்பு, அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. 'மெதுவாகத் திரும்புகிறோம். கீல் விழுந்தால் கவிழ்ந்துவிடுவோம்' என்று எழுதியிருந்தாள்.

நான்கு நாள் புள்ளி ஊர்ந்தது. கடைசியில் ஒரு தீவுத் துறைமுகத்தில் நின்றது. இருவரும் உயிரோடு இறங்கினார்கள். அவர்கள் பட்டறையிலும் விசாரித்திருந்தார்கள். அன்றைக்கே பட்டறையிலிருந்து கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்றார்கள்.

மறுநாள் அவள் போனில் பேசினாள். அதே அச்சில் வேறு படகுகள் செய்தீர்களா என்று கேட்டாள். மூன்று, எல்லாம் அதே மழைக்காலத்தில் என்றேன். அதில் ஒன்று நேற்றுத்தான் கடலுக்குப் புறப்பட்டது என்று சொல்லி, அதில் இருப்பவர்களை எச்சரிக்க அவசரமாகப் போனை வைத்தாள்.